பதிவில் இல்லாத பதினொரு நிமிடங்கள்

திரையில் எதுவும் அசையாமல் நிற்கும் நேரத்துக்கு நான் ஏன் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்? பச்சையைப் போட்டிருக்கலாம். நிறமே போடாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நிறப் பட்டியலில் அந்தச் சாம்பலின் மேல் என் விரல் அழுத்திய கணம் இன்னும் நினைவிருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து அமர்ந்திருந்தேன். யன்னலுக்கு வெளியே வாவித் தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசியது. திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து அந்த நிறத்தைப் போட்டேன். ஏன் என்பதற்குத்தான் விடை இல்லை. பார்க்க அழகாக இருக்கும் என்றா? அல்லது ஒன்றும் செய்யாத நேரம் வீண் நேரம் என்று நானும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேனா? ஒன்றரை வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமான பதில் ஒன்று வரும். அடுத்த நாள் அதை நானே நம்பமாட்டேன்.

புளியந்தீவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் வீடியோ விளையாட்டுகளின் சில பகுதிகளை நாங்கள் இங்கே செய்து கொடுத்தோம். விளையாட்டை உருவாக்குவது என் வேலை அல்ல. உருவாக்குகிறவர்களுக்குக் கருவி செய்து கொடுப்பதே என் வேலை. அம்மா கேட்டபோது, "வீடு கட்டுற மேசனுக்கு ரசமட்டம் செஞ்சு குடுக்கிற மாதிரி" என்று சொன்னேன். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. சுவர் சாய்ந்திருக்கிறதா என்று மேசன் கண்ணால் பார்த்தால் போதாது, ரசமட்டம் சொல்ல வேண்டும். அதுபோல விளையாட்டில் எங்கே பிழை இருக்கிறது, ஆள் எந்த இடத்தில் சுவருக்குள் சிக்குகிறான், எந்த இடத்தில் எல்லாம் மந்தமாகிறது என்பதையெல்லாம் பதிவு செய்து படமாக வரைந்து காட்டும் மென்பொருளை நான் எழுதினேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் ஒரு படமாகச் சுவரில் விழும்போது, நான் இந்த ஊரிலிருந்தே ஏதோ செய்துவிட்டேன் என்று தோன்றும்.

அந்த விளையாட்டை நாள் முழுக்க ஆடிப் பார்த்துப் பிழை தேடுகிற பரிசோதகர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணை, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல, எல்லோரும் ராத்தா என்றுதான் அழைப்போம். காத்தான்குடிக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். முகாமையாளரும் அவரை ராத்தா என்றே கூப்பிடுவார். ராத்தா முகாமையாளருக்கு வைத்திருந்த பெயர் வேறு. வயல்வட்டைகளில் தண்ணீர் பாய்ச்சலை மேற்பார்க்க வரும் வட்டவிதானையைப் போல அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு இடையில் நடப்பார். கதவில் அவர் தலை தெரிந்ததும் ராத்தா குரலைத் தாழ்த்தி, "வட்டவிதானை வாறார், வரம்பு வெட்டினதெண்டு காட்டுங்க" என்பார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்ப்போம். முகாமையாளருக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மற்றவர்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள், எல்லாச் சுவரிலும் மோதிப் பார்ப்பார்கள். ராத்தாவும் அதைச் செய்வார். ஆனால் இரண்டு மணித்தியாலம் ஆடிய பிறகு கையிலிருக்கும், பொத்தான்கள் உள்ள ஆட்டக் கருவியை மடியில் வைத்துவிடுவார். பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விளையாட்டுக்குள் இருக்கும் மனிதன் சதுப்பு நிலத்தில் தனியே நிற்பான். அப்படிப் பார்த்திருந்துதான், ஒரு கொக்கின் நிழல் சூரியன் இருக்கும் பக்கமே விழுவதைக் கண்டுபிடித்தார். படகுத்துறைக் கிழவன் ஒரு கண்ணை மட்டும் சிமிட்டுவதையும் அவர்தான் கண்டார். "ஓடுறவனுக்குப் பிழை தெரியா புள்ள. நிண்டு பாக்கிறவனுக்குத்தான் அது தன்னைக் காட்டும்" என்று ஒருமுறை சொன்னார். நான் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன். எனக்கு அப்போது என் பதிவு மென்பொருளைப் பற்றிய கவலை.

அந்தக் கவலை இதுதான். நான் எழுதிய மென்பொருள் ஒவ்வொரு நொடியையும் பல துண்டுகளாக வெட்டி, ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று எழுதிக்கொண்டே இருக்கும். நான்கு பேரின் ஒரு நாள் பதிவே மலைபோலக் குவிந்தது. கணினியில் இடம் போதவில்லை. இடத்தை மிச்சப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். மூன்று நொடிக்கு மேல் எந்தப் பொத்தானும் அழுத்தப்படாவிட்டால் பதிவு நின்றுவிடும். மீண்டும் அழுத்தும்போது தொடங்கும். இடையில் உள்ள நேரத்தைப் படத்தில் ஒரு சாம்பல் பட்டையாகக் காட்டினால் போதும் என்று முடிவு செய்தேன். ஒன்றும் நடக்காத நேரத்தை எதற்கு எழுதி வைக்க வேண்டும்? எனக்கு அது கெட்டித்தனமாகத் தெரிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு முகாமையாளர், ஒவ்வொரு பரிசோதகருக்கும் ஒரு வரி போட்டு, பக்கத்தில் பெயரையும் போடச் சொன்னார். பத்து நிமிட வேலை. போட்டுக் கொடுத்தேன். பெயர் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு நாள் காலை ராத்தா என்னைக் கூப்பிட்டார். "புள்ள, இஞ்ச வாகா, கெதியா வா. இவன் தாழுறான்." நான் எழுந்து போவதற்குள் அவர் எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று காட்சியைத் திருப்பினார். பொத்தான் அழுத்தப்பட்டதும் அந்த மனிதன் துள்ளி நிலத்துக்கு மேலே வந்து, ஒன்றும் நடக்காதவன் போல நின்றான்.

"இப்பதான் முழங்கால் மட்டும் சேத்துக்குள்ள கிடந்தான். வல்லாஹி, இப்பதான்" என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டார்.

"பதிவில பாப்பம் ராத்தா" என்றேன்.

பதிவைத் திறந்தேன். பட்டைக்கு முந்திய கணத்தில் அவன் பாதம் தரையில் இருந்தது. பட்டைக்குப் பிந்திய கணத்திலும் தரையில்தான் இருந்தது. நடுவே சாம்பல். "ஒண்டும் இல்லையே ராத்தா. வெளிச்சம் அப்பிடிக் காட்டியிருக்கும்" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நான் கண்டது என்ன?" என்று கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வியா, தன்னிடமே கேட்டதா என்று தெரியவில்லை. நான் என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை அவர் அந்தப் பிழையை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் விளையாட்டை எழுதுகிறவர்கள் என் படத்தைத் திறந்து பார்த்து, பிழையை மீண்டும் வரவைக்க முடியவில்லை என்று குறித்து அறிக்கையை மூடிவிட்டார்கள். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டவும் வழி இல்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் விதிப்படி பரிசோதனை அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை முகாமையாளரே பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்தார். அன்று காலை மின்சாரம் போய் வந்ததால் கணினி புதிதாகத் தொடங்கியிருந்தது. இரண்டு மணித்தியாலம் ஆடிய பின்தான் அந்தப் பிழை வரும் என்பது அப்போது ராத்தாவுக்கே சரியாகத் தெரியாது. எட்டு நிமிடம் இருவரும் ஒரு மனிதன் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முகாமையாளருக்கு அழைப்பு வந்தது. எழும்பும்போது, "ராத்தா, இது விளையாட்டு, தியானம் இல்ல" என்றார். "நீங்க பதினொரு நிமிசம் இரிந்தா தெரியும் சேர்" என்றார் ராத்தா. முகாமையாளர் இருக்கவில்லை. நானும் ஒருநாள்கூடப் பக்கத்தில் போய் அமரவில்லை. என் படம் இருக்கும்போது நான் எதற்கு அமர வேண்டும்?

அந்த மாதக் கூட்டத்தில் படம் சுவரில் விழுந்தது. நான்கு வரிகள், நான்கு பெயர்கள். மூன்று வரிகளில் சிவப்பும் மஞ்சளும் நெருக்கமாக இருந்தன. நான்காவது வரியில் பாதிக்கு மேல் சாம்பல்.

"இதென்ன, ராத்தாட வரி மட்டும் மாரிகாலமா இருக்கு?" என்றார் முகாமையாளர். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை. ஆனால் சிரித்தேன்.

"நான் பாத்துக்கொண்டிருந்தன் சேர்" என்றார் ராத்தா. "பாக்கிறதும் வேலைதானே. இல்லாட்டி நான் என்ன, பகல்ல இரிந்து கனவா காணுற?"

முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்கட டூல் பிழையா காட்டுதா?"

"இல்ல சேர். டூல் சரி."

இதைத்தான் நான் சொன்னேன். மூன்று நொடியில் பதிவு நின்றுவிடும் என்பதை எழுதியவள் நான். நின்ற நேரத்தில் நடப்பது எதுவும் அந்தப் படத்தில் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையா? அல்லது அத்தனை பேருக்கு முன்னால் என் வேலை சரி என்று சொல்லக் கிடைத்த வாய்ப்பை விட மனமில்லாமல், யோசிக்காமல் இருந்துகொண்டேனா? யோசிக்காமல் இருப்பதும் ஒருவர் செய்கிற செயல்தானே? சிறுவயதிலிருந்தே கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்கிற பிள்ளை என்று பெயர் வாங்கியவள் நான். அன்றும் உடனே சொன்னேன்.

ராத்தாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கடைசி நாளில் தன் கருவியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கைலேஞ்சியால் துடைத்து மேசையில் வைத்தார். எனக்குப் பக்கத்தில் வந்து தோளில் தட்டினார். "சரி புள்ள. படத்தில இல்லாட்டி இல்லதான். மெசினுக்கு என்னோட என்ன கோவம்?" கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இப்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

விளையாட்டு வெளிவந்து சில நாட்களில், எங்கேயோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு ஆள் கதவு தட்டும் சத்தம் கேட்டுக் கருவியை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். திரும்பி வந்து பார்க்கும்போது விளையாட்டுக்குள் அவருடைய ஆள் இடுப்பளவு சேற்றில் நின்றிருக்கிறான். அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். ஆயிரம் பேர் சிரித்தார்கள். பதிவுகளில் இது ஏன் தெரியவில்லை என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஏழு மாதம். வயிறு மேசையில் முட்டும். நான் எழுதிய அந்த மூன்று நொடி வரியைத் திறந்து பார்த்தபோது உள்ளே பிள்ளை உதைத்தாள். வரியை எடுத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் நானே ஆடி, அவனைச் சதுப்பில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். முதலில் செருப்பு மறைந்தது. பிறகு கணுக்கால். அசைவே கண்ணுக்குத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தான். பதினோராவது நிமிடத்தில் முழங்கால். ராத்தாவின் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். மூன்றாவது அறிக்கையில் அவர் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தார். எந்தச் சதுப்பு, எவ்வளவு நேரம் ஆடிய பிறகு, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். கடைசியில் ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தார்: தொடக்கூடாது.

மாற்றத்தைப் பற்றி நான் எழுதிவைத்த குறிப்பு இது: "இனி அசையாமல் நிற்கும் நேரமும் பதிவாகும்." முன்பு ஏன் பதிவாகவில்லை, அதனால் என்ன நடந்தது என்று எழுதவில்லை. ராத்தாவின் அறிக்கைகளை வேறு யாரும் நினைவுபடுத்தவும் இல்லை. அந்த வாரக் கூட்டத்தில் அதை ஒரு புதிய வசதி என்று முகாமையாளர் பாராட்டினார். "நன்றி சேர்" என்றேன்.

அவர் கெட்ட மனிதர் அல்ல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். மகள் பிறந்த பிறகு ஆரையம்பதியில் வீட்டில் இருந்தே வேலை செய்ய அவர்தான் அனுமதி வாங்கித் தந்தார். எங்கள் அலுவலகத்தில் அப்படி அனுமதி கிடைத்த முதல் ஆள் நான். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைக் கவனிக்க அவர் எடுத்துக்கொண்டது என்னுடைய அந்தப் பட்டையைத்தான். பரிசோதகர்களுக்கு எழுதியதைச் சற்று மாற்றி எங்களுக்கும் போட்டுவிட்டார்கள். இப்போது எனக்கும் ஒரு வரி உண்டு. மகளுக்குப் பால் கொடுக்கும்போது ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் மவுஸை அசைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சில வேளை பாலை விட்டுவிட்டு அந்தக் கையைத் திரும்பிப் பார்க்கிறாள்.

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்த பிறகு ராத்தா பார்க்க வந்தார். எனக்குத் தெரிவிக்காமல், ஆட்டோவில், தானே தைத்த இரண்டு சட்டைகளோடு வந்தார். வீட்டில் தையல் செய்வதாகச் சொன்னார். பாயில் அமர்ந்து, தூங்கும் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். இடையில் மகள் இரண்டு முறை விழித்து மறுபடி தூங்கினாள். பிறகு, "இவ முழிக்கிறத்துக்கு முன்ன வலக்கைப் பெருவிரல ஆட்டுறா, பாத்தியா?" என்றார். நான் பார்த்ததில்லை. மூச்சு விடுகிறாளா, சூடு இருக்கிறதா என்று ஒரு மாதமாக அவள் முகத்துக்கு மேல் குனிந்தபடியே கிடந்தவள் நான். பெருவிரலை நான் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் மகள் விரலை ஆட்டினாள், கண் விழித்தாள்.

"ராத்தா, உங்கட கண்ணுக்கு ஒண்டும் தப்பாது" என்றேன். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அந்தப் பேச்சைத் தொடங்கினேன்.

அவர் சிரித்தார். "எங்க புள்ள. அதுக்குப் புறகு கண் டொக்டரிட்டயும் போனன். கண்ணில ஒரு குறையும் இல்லையாம். அப்ப புத்தியிலதான் எண்டு வந்திட்டன்." பிறகு மகளின் காலை மெல்லத் தடவிக்கொண்டே, "சும்மா செல்லுறன். ஆனா மூணு தரம் எழுதிக் குடுத்து உங்க எல்லாரையும் கரைச்சல்படுத்தினன் எண்டு இப்பவும் வெக்கமாரிக்கி. உன்ட படம் பொய் செல்லாதே" என்றார்.

நான் தேநீர் போட எழுந்து போனேன். தண்ணீர் கொதித்து, பொங்கி, பாதி வற்றும்வரை அடுப்படியில் நின்றேன். அவர் விளையாட்டுகளின் பக்கமே இப்போது போவதில்லை. வெளிநாட்டுக்காரர் போட்ட அந்தப் படத்தை அவர் பார்த்திருக்க வழியில்லை. நான் சொன்னால்தான் உண்டு.

என் கணவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். களுவாஞ்சிக்குடியில் பாடசாலை ஆசிரியர். நியாயமான மனிதர். "இப்ப அதைக் கிளறி என்னத்தக் காணப்போறாய்? அவவே மறந்திற்றா. மறுகா உன்ட வேலையும் போனா, பிள்ளைய வெச்சிக்கொண்டு நீ எங்க தேடுவாய்?" என்றார். சற்று நேரம் கழித்து, "சொல்லத்தான் வேணுமெண்டா அவவுக்குச் சொல்லு. கம்பனிக்குச் சொல்லாத" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எல்லாமே சற்று நேரத்துக்கு நியாயமாகத்தான் படுகிறது.

போன கிழமை ராத்தா தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே விளையாட்டுகளைப் பரிசோதிக்க ஆள் தேடுகிறதாம். மாத முடிவுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம். முன்பு வேலை செய்த இடத்தில் யாரையாவது கேட்டு விசாரிப்பார்களாம். "தங்கச்சிதான் ஒரே கரைச்சல், போடு போடெண்டு. எனக்கு மனமும் இரிக்கி, பயமும் இரிக்கி. இல்லாததக் கண்டு எழுதி அங்கயும் அவமானப்படுறதா? நீ செல்லு புள்ள. என்ட வரிய முழுசாப் பாத்தவள் நீதானே. நான் அந்த வேலைக்குச் சரிவருவனா?"

"பிள்ள அழுறா ராத்தா. மறுகா எடுக்கிறன்" என்றேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

இன்னும் எடுக்கவில்லை. "கட்டாயம் போடுங்க ராத்தா" என்று மட்டும் சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் கொழும்பிலிருந்து விசாரித்தால் எங்கள் அலுவலகத்தில் அவர் பெயரோடு இருப்பது அந்தப் பழைய படம்தான். அதைத் திருத்த வேண்டுமானால் நான் முகாமையாளரிடம் போய், அன்று கூட்டத்தில் சொன்னது தவறு என்று சொல்ல வேண்டும். அப்படியானால் வெளிவந்த பிழைக்கும் நான்தான் காரணம் என்றாகும். முதலில் ராத்தாவிடம் சொல்வதா, அலுவலகத்திலா? ராத்தாவிடம் முதலில் சொன்னால், மன்னித்துவிட்டு, "உன்ட வேலைக்குக் கேடு வரும், அங்க செல்லாத" என்று அவரே என் வாயை அடைத்துவிடுவார். எனக்கு அது வேண்டும் என்றும் இருக்கிறது, அதனாலேயே அதைச் செய்யப் பயமாகவும் இருக்கிறது. அலுவலகத்தில் முதலில் சொன்னால், இவ்வளவு காலம் தன்னிடம் மறைத்ததை அவர் வேறு யாரோ சொல்லித்தான் அறிவார்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒருவருடைய கண்ணை அவரே நம்பாமல் போகச் செய்துவிட்டு, பிறகு அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்களா? எந்த வாசலில் முதலில் போய் நின்றீர்கள், வாயைத் திறந்ததும் முதலில் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மாதம் முடிவதற்குள் எழுதினால் நல்லது. சொல்லாமல் விட்டுவிடு என்று மட்டும் எழுதவேண்டாம். அந்த ஆலோசனையை எனக்கு நானே கொடுத்து, ஒரு நாளும் தவறாமல் அதன்படிதான் நடந்து வந்திருக்கிறேன்.